நாலு மீட்டர் வயருக்கு நாற்பது நிமிஷப் பேச்சு

அண்ணாச்சி இல்லையா, அக்கா? பேங்க்குக்கா? எப்போ வருவாங்க? பரவாயில்லை, நான் இருந்து பார்த்துட்டே போறேன். இன்னிக்குச் சனிக்கிழமை, எனக்கு வகுப்பு கிடையாது. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு முன்னால வேலை முடிஞ்சாகணும், அவ்வளவுதான்.

என்ன வேணும்னு உங்ககிட்டயே சொல்லலாம்தான். உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்ல வரலை, தப்பா எடுத்துக்காதீங்க. இது கொஞ்சம் நுணுக்கமான சமாச்சாரம். கிட்டார் வயர். அதுவும் சாதா கிட்டார் இல்லை, பேஸ் கிட்டார். அண்ணாச்சி வந்தா அவங்களுக்குப் புரியும். அதுக்கும் முன்னால நான் அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும். ரெண்டு பக்கத்துக்கு எழுதியே கொண்டு வந்திருக்கேன். நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க. அந்த ரேடியோவுக்குத் தூசிதானே தட்டறீங்க, தட்டுங்க.

போன மாசம் இந்தக் கடையில ஒரு பொண்ணு நின்னு கத்திட்டுப் போனாள்னு யாராவது சொன்னாங்களா? அது நான்தான். கத்தினேன்னு சொல்றதும் சரியில்லை. பேசினேன். என் குரல் அப்படி. கல்லூரிப் பேச்சுப் போட்டியில மைக் கொடுத்தா முன்வரிசை எழுந்து பின்வரிசைக்குப் போயிடும்.

என் பேர் முத்துநகை. பல்கலைக்கழகத்துல இயற்பியல், முதுகலை ரெண்டாம் வருஷம். விடுதியில எங்கூட இருக்கிறவள் பெனிட்டா. எம்.காம். படிக்கிறாள். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். பன்னிரண்டு வயசுல இருந்து அவங்க கோயில் பாடகர் குழுவுல பேஸ் கிட்டார் வாசிக்கிறாள். நாலே நாலு கம்பி, தடிச்ச கம்பி. பாட்டு நடக்கும்போது அந்தச் சத்தத்தை யாரும் தனியாக் கேக்க மாட்டாங்க. நின்னுபோனா மட்டும் பாட்டு அந்தரத்துல தொங்கும். பெனிட்டாவும் கிட்டத்தட்ட அப்படித்தான். நாள் பூரா அவள் பத்து வார்த்தை பேசினா அதிகம். மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.

இந்த இன்னாசி மாஸ்டர் மெல்லிசைக் குழு இருக்கு இல்லையா, கேள்விப்பட்டிருப்பீங்க, கல்யாண வரவேற்பு, கோயில் கொடைன்னு எல்லாத்துக்கும் வருவாங்க. அதுல பேஸ் வாசிச்சவர் துபாய்க்குப் போயிட்டார். மாஸ்டர் புது ஆள் தேடிக்கிட்டு இருந்தார். அவரையே எங்க கலைவிழாவுக்கு நடுவராக் கூப்பிட்டிருந்தாங்க. பெனிட்டா அன்னைக்கு ரெண்டு பாட்டுக்கு வாசிக்கணும், அது அவர் காதுல விழணும், அவர் கூப்பிடணும். பெனிட்டா வாயைத் திறந்து ஒண்ணுக்கு ஆசைப்பட்டதா நான் பார்த்தது அது ஒண்ணுதான். 'ஏளா, என்னைய எடுத்துருவாவளா?'ன்னு ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள். கேட்டுட்டு ரசத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தாள்.

நான் விடுவேனா? 'உனக்காக நான் இருக்கேன்'னு சொல்லிட்டேன். அவள் கேக்கவே இல்லை, அது வேற விஷயம்.

அவள்கிட்ட இருந்தது ரெடிமேடு வயர். ரெண்டு முனையிலயும், கிட்டார்லயும் பெட்டியிலயும் சொருகற பின்னோட சேர்த்து ரப்பரை உருக்கி வார்த்திருப்பாங்க, பார்த்திருப்பீங்க. உள்ளே ஒரு இழை அறுந்தாலும் திறந்து பார்க்க வழி கிடையாது. அவளுக்கு வருஷத்துக்கு மூணு போகும், அதுவும் பின்னோட கழுத்துலதான் போகும். ஏன் அங்கேயே போகுதுன்னு நான் யோசிச்சேனா? இல்லை. 'மட்டமான பொருள், நுகர்வோரை ஏமாத்தறாங்க, நானே செஞ்சு தர்றேன்'னேன். இயற்பியல் படிக்கிறேன் இல்லையா, மின்சாரம் என்னமோ எங்க தாய்மாமன்ங்கிற மாதிரி ஒரு நினைப்பு.

ரெண்டு பேரும் இங்கே வந்தோம். நான் முன்னால, அவள் பின்னால. அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி என்னன்னு நினைக்கிறீங்க? 'பாப்பா, கூட அண்ணன் தம்பி யாராச்சும் வந்திருக்காவளா?'

நீங்களே சொல்லுங்க, அக்கா, இது என்ன கேள்வி? இல்லை, இருங்க, நானே சொல்றேன். ஒரு பொண்ணு வந்து வயர் கேட்டா அதைப் புரிஞ்சுக்க ஒரு ஆம்பளை கூட வரணும்ங்கிற எண்ணம்தானே? எனக்கு உச்சியில ஏறிடுச்சு. இதுல மட்டும் நான் இன்னிக்கும் மன்னிப்புக் கேக்கப் போறதில்லை. ரெண்டு பக்கத்துல இது இல்லை.

ஆனா அதுக்கு அப்புறம் நான் எதையும் காதுல வாங்கலை. அதுதான் கோளாறு. இருக்கிறதுலயே தடிச்ச வயரைக் காட்டி, 'இது குடுங்க'ன்னேன். 'அது ஸ்பீக்கருக்குப் போறது பாப்பா. கிட்டாருக்குப் போட்டா ஊர்ல உள்ள இரைச்சலெல்லாம் உள்ள வந்துரும். சுத்திக் கம்பி பின்னுன ஷீல்டு வயருதான் வேணும்'னார். சரியான பதில். நான் பரீட்சையிலயே எழுதியிருக்கேன், மேல ஒரு உலோக வலை இருந்தா வெளி இரைச்சல் உள்ளே வராதுன்னு. ஆனா அவர் சொன்னதும், 'தெரியும், உங்களைச் சோதிச்சேன்'னு சொன்னேன். கூச்சமே இல்லாம சொன்னேன்.

அடுத்தது நீளம். 'பத்து மீட்டர்'னேன்.

'எதுக்கு பாப்பா பத்து? நாலு போதும். நீளம் கூடக் கூட சத்தம் மங்கும்லா.'

'ஒரு பொண்ணு மேடையில எவ்வளவு தூரம் போகலாம்னு முடிவு பண்ண நீங்க யாரு?'

பின்னால இருந்து பெனிட்டா, 'நான் நாற்காலில உக்காந்துதான்ளா வாசிப்பேன்'னாள்.

'நீ சும்மா இரு, இது உன் உரிமை'ன்னேன்.

அண்ணாச்சி பாவம், என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் நாலு விரலைக் காட்டினாள். நாலு மீட்டர் வெட்டினார். நான் அந்தப் பக்கம் நின்ன ஒரு பெரியவருக்கு, மிக்ஸிக்கு என்னமோ வாங்க வந்தவர், மேடையும் பெண்களும்ங்கிற தலைப்புல விளக்கிக்கிட்டு இருந்தேன்.

அப்போதான் அது நடந்தது. வயரைச் சுருட்டிக்கிட்டே அண்ணாச்சி சொன்னார்: 'பாப்பா, வீட்டுக்குப் போனதும் மொதல்ல அந்தக் கறுப்ப எடுத்துரணும், பாத்துக்கோ. அது கெடந்துச்சுன்னா மேடையில எடுபடாது.'

என்னைப் பாருங்க, அக்கா. நல்லாப் பாருங்க. எங்க சித்தி ஒவ்வொரு தீபாவளிக்கும் துணியோட ஒரு டியூப் கிரீம் வச்சுத் தருவாங்க. பள்ளிக்கூட ஆண்டு விழாவுல என்னைப் பின்வரிசை மரமா நிக்க வச்சாங்க, மூணு வருஷம். வேற வேற மரம். எனக்கு இந்த வார்த்தை எங்கே இருந்து வந்தாலும் முதுகுல வந்து விழும். விழுந்துடுச்சு.

பேசினேன். பன்னிரண்டு நிமிஷம்னு பெனிட்டா சொல்றாள், எனக்கு மூணு நிமிஷம் மாதிரிதான் இருந்தது. கடலை மாவுல ஆரம்பிச்சு, கல்யாண விளம்பரம் வழியா, கிரீம் கம்பெனிக்காரன் லாபம் வரைக்கும் போனேன். 'கறுப்பை எடுக்கணும்னா முதல்ல உங்க மனசுல இருந்து எடுங்க'ன்னு முடிச்சேன். மிக்ஸிப் பெரியவர் கைதட்டினார். அண்ணாச்சி வாயைத் திறந்து திறந்து மூடினார். வயர் நுனியை ஒரு கையில பிடிச்சுத் தூக்கித் தூக்கிக் காட்டினார். அடிக்க ஓங்கறார்னு நினைச்சு அதுக்கும் தனியா ரெண்டு வார்த்தை சொன்னேன். இந்தக் கடைப் படியை இனி மிதிக்க மாட்டேன்னும் சொன்னேன்.

பஸ்ஸுல பெனிட்டா, 'அவிய வயரக் காட்டித்தான் சொன்ன மாதிரி இருந்துச்சு'ன்னாள்.

'உனக்குப் பழகிப்போச்சு, அதான் உறைக்கலை'ன்னு சொன்னேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாள். ஒத்துக்கிட்டாள்னு நினைச்சேன்.

ஆய்வகத்துல இருந்து ஈயம் வைக்கிற சூட்டுக் கம்பியைக் கேட்டு வாங்கிட்டு வந்து விடுதியில உக்காந்தேன். நுனியைச் சீவி, சுத்தியிருக்கிற பின்னலைத் திரிச்சு ஒரு பக்கம், நடுக் கம்பி ஒரு பக்கம்னு பின்னுல வச்சு, பளபளன்னு ரெண்டு சொட்டு ஈயம். அவ்வளவு அழகா வந்தது. படம் எடுத்து வகுப்புக் குழுவுல போட்டேன். அப்புறம் பார்த்தா, பின்னோட மூடி மேசையில தனியா உருண்டுக்கிட்டு இருக்கு. அதை முதல்லயே வயருல கோத்துட்டுத்தான் ஈயம் வைக்கணும், அக்கா. வச்ச பிறகு அது உள்ளே போகாது. பிரிச்சேன், கோத்தேன், வச்சேன். அடுத்த முனைக்குப் போனேன். அந்த மூடியும் மேசையில இருந்தது.

ஒருவழியா முடிச்சு, மின்சாரம் பார்க்கிற மல்டிமீட்டரை வச்சுப் பார்த்தேன். நடுக் கம்பியும் பின்னலும் ஒட்டியிருந்தா மீட்டர் கூவும். கூவலை. 'பார்த்தியா, சுத்தம்'னேன். அது கூவுதான்னு மட்டும்தான் பார்த்தேன், அதுல ஒரு எண்ணும் காட்டுது, அதைப் பார்க்கலை. முதுகலை மாணவி.

பெனிட்டா மாட்டி வாசிச்சாள். தலையைச் சாய்ச்சாள். 'ஏளா, தொண்ட கட்டுன மாதிரி இருக்கு.'

'கிட்டார் கம்பி பழசு.'

'வயர மடக்குனா கரகரங்குது.'

'விடுதியில எர்த் சரியில்லை. நான் வார்டனுக்கு எழுதறேன்.'

'பழைய வயருல இப்படி இல்ல.'

'பழைய வயர் பொய் சொல்லிக்கிட்டு இருந்தது. இதுதான் உன் கிட்டாரோட உண்மையான குரல்.'

இதைச் சொன்னேன், அக்கா. ஒரு மனுஷி இன்னொரு மனுஷிகிட்ட சொல்ற வார்த்தையா இது? வார்டனுக்கும் எழுதினேன். ரெண்டு பக்கம். எனக்கு எதுவும் ரெண்டு பக்கத்துக்குக் குறையாது.

கலைவிழா மத்தியானம். இன்னாசி மாஸ்டர் முன்வரிசையில, வேட்டியை இழுத்து விட்டுக்கிட்டு உக்காந்திருக்கார். முதல் பாட்டு ஆரம்பிச்சது. பெனிட்டா விரல் ஓடுது, அவள் தலை ஆடுது, சத்தம் மட்டும் கம்பளிக்குள்ள இருந்து வருது. அவள் காலை அசைச்சா கரகர. பக்கத்துல பாடினவள் திரும்பிப் பார்த்தாள். மாஸ்டர் காதுல விரலை விட்டுக் குடைஞ்சார். நான் ஓடினேன். எங்கே ஓடினேன்? பெனிட்டாகிட்டயா? இல்லை. சவுண்டு செட் அண்ணன்கிட்ட. பரமசிவன்னு பேரு. 'உங்க பெட்டியிலதான் கோளாறு, பொண்ணு வாசிக்கிறாள்னு வேணும்னே குறைச்சு வச்சிருக்கீங்க'ன்னு ஆரம்பிச்சேன். 'பாப்பா, கொஞ்சம் தள்ளு, பாட்டு கேக்கல'ன்னார். தள்ளலை.

பாட்டு முடிஞ்சு, நான் பேசிக்கிட்டே இருக்கேன், பெனிட்டா மேடையை விட்டு இறங்கி வந்தாள். என் வயரை உருவி மேசையில வச்சாள். 'அண்ணே, ஒங்க வயரு ஒண்ணு தாங்க'ன்னாள். அவர் ஒண்ணை எடுத்தார். உடம்பெல்லாம் பிளாஸ்திரி ஒட்டின வயர், விபத்துல இருந்து தப்பிச்சு வந்த மாதிரி. அதை மாட்டிக்கிட்டுப் போய் ரெண்டாவது பாட்டு வாசிச்சாள்.

தரை அதிர்ந்தது, அக்கா. சத்தமா இல்லை. உள்ளங்கால்ல. மாஸ்டர் காதுல இருந்து விரலை எடுத்தார்.

அந்த நேரத்துல பரமசிவன் அண்ணன் என் வயரோட மூடியைத் திருகித் திறந்து, விளக்குல பிடிச்சுப் பார்த்து, என்ன சொன்னார்னு நினைக்கிறீங்க? 'இந்தக் கறுப்ப உரிக்கலையே பாப்பா.'

என் வாய் தானாத் திறந்துடுச்சு. கடலை மாவு வரைக்கும் வந்துட்டேன். அதுக்குள்ள அவர் பிளேடு நுனியால தொட்டுக் காட்டினார். நடுக் கம்பிக்கு மேல வெள்ளைத் தோல். அந்த வெள்ளைக்கு மேல மெல்லிசா இன்னொரு தோல், கறுப்பா. அதுக்கு மேலதான் பின்னல். அந்தக் கறுப்புத் தோல் சும்மா இல்லையாம், கரி கலந்தது, கொஞ்சமா மின்சாரம் கடத்துமாம். வயரை யாராவது மிதிச்சா, இழுத்தா இரைச்சல் வராம இருக்க அது வேணும். ஆனா முனையில மட்டும் அதை உரிச்சுடணும். இல்லைன்னா அது நடுக் கம்பியைத் தொட்டுக்கிட்டு, சத்தம் அது வழியாப் பின்னலுக்குக் கசிஞ்சுடும். மீட்டர் கூவுற அளவுக்கு ஒட்டாது. பாட்டைக் கெடுக்கிற அளவுக்கு ஒட்டும்.

கறுப்பை எடுத்துரணும். கெடந்துச்சுன்னா மேடையில எடுபடாது.

அண்ணாச்சி வயர் நுனியைத் தூக்கித் தூக்கிக் காட்டினது அப்போ ஞாபகம் வந்தது. ஸ்பீக்கர் பெட்டி மேல உக்காந்தேன். 'அதுல உக்காராத பாப்பா'ன்னார் பரமசிவன் அண்ணன். எழுந்துட்டேன்.

மாஸ்டர் பெனிட்டாவைக் கூப்பிட்டுச் சொன்னதை நான் பின்னால நின்னு கேட்டேன். 'வெரலு நல்லாருக்கு தாயி. ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு ஒத்திகைக்கு வா. சொந்த வயரோட வா. அங்கயும் இப்படிக் கரகரன்னா எனக்கு வேற ஆளு ரெண்டு பேரு காத்துக்கிட்டிருக்காங்க.' அந்த ஞாயிறுதான் நாளைக்கு. போறப்போ என்னைக் காட்டி, 'அந்தப் பிள்ள யாரு?'ன்னு கேட்டார். 'ரூம்மேட்டு'ன்னாள் பெனிட்டா. வெறும் ரூம்மேட்டு.

விடுதிக்குத் திரும்பற பஸ்ஸுல கேட்டேன், கோபமான்னு. அவள் சொன்னாள்: 'எல்லார்கிட்டயும் எனக்காகப் பேசுன. எங்கிட்ட ஒரு தடவ கேட்டியா?'

அதுக்கு நான் பதில் சொன்னேன். நாலு ஸ்டாப்புக்கு வந்தது அந்தப் பதில்.

அந்த வயரையே உரிச்சுச் சரிபண்ணியிருக்கலாமேன்னு கேக்கறீங்க. செஞ்சேன். கறுப்பை உரிக்கிறேன்னு வெள்ளையையும் சேர்த்துச் சீவினேன். வெட்டினேன், திரும்ப உரிச்சேன், அறுந்தது, திரும்ப வெட்டினேன். நாலு மீட்டர்ல இப்போ மிஞ்சியிருக்கிறது ஒரு முழம். அதான் மிதிக்க மாட்டேன்னு சொன்ன படியை மிதிச்சு வந்து நிக்கிறேன். அண்ணாச்சியே முனைவேலையும் செஞ்சு குடுத்துட்டா நல்லது. செய்வாங்களா? கோபமா இருப்பாங்களா?

என்னக்கா, எங்கே போறீங்க? ஏணியில பார்த்து. ஆமா, அந்தச் சுருள்தான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க? அண்ணாச்சி வரட்டும், நீங்க எதுக்கு... அக்கா, அளக்காமலே வெட்டிட்டீங்க. கையாலயே அளந்தீங்களா?

மூடியை முதல்ல... ஓ, கோத்தாச்சா. ரெண்டு பக்கமுமா. சரி.

அக்கா, அந்தக் கறுப்பை மட்டும் மறக்காம... இல்லை இல்லை, அப்படிப் பார்க்காதீங்க, வயரைச் சொன்னேன். சத்தியமா வயரைத்தான் சொன்னேன்.

நீங்களா? இந்தக் கடையில ஈய வேலை எல்லாமே நீங்களா? அப்போ அந்த ரேடியோ... தூசி தட்டலையா, ரிப்பேர் பண்ணிக்கிட்டு இருந்தீங்களா. பாலிடெக்னிக் படிச்சீங்களா. அண்ணாச்சி விக்கிறதும் பேங்க்கும் மட்டும். கறுப்பை உரிக்கணும்னு எல்லார்கிட்டயும் சொல்லி அனுப்பச் சொன்னதே நீங்கதானா?

நான் இவ்வளவு நேரமா உங்களுக்கு வயருன்னா என்னன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். நிறுத்தியிருக்கலாமே, அக்கா. ரெண்டு தடவை வாயைத் திறந்தீங்களா? கவனிக்கலை.

அன்னைக்கும் நீங்க இருந்தீங்களா? அந்தத் தட்டிக்குப் பின்னாலயா? முழுசும் கேட்டீங்களா? ... 'பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு, ஆளுதான் மாறிப்போச்சு'. ம். சரிதான். நல்லா இருந்ததா? எந்த இடம், அக்கா? கடலை மாவா, மரமா? மரத்தை அன்னைக்குச் சொல்லலையோ. சரி, விடுங்க, கேக்கலை. அந்த அண்ணன் தம்பி கேள்விக்கு அண்ணாச்சி அன்னைக்கே வீட்டுல உங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டாரா? எனக்கு இது போதும்.

முடிஞ்சிருச்சா அதுக்குள்ள? எவ்வளவு நேரம் ஆச்சு, ஆறு நிமிஷமா? நான் நாலு நாள். குடுங்க... இருங்க, அக்கா, ஃபோன். பெனிட்டாதான்.

சொல்லு. கடையிலதான் இருக்கேன். செஞ்சாச்சு. இல்லை, நான் செய்யலை, இங்கே ஒரு அக்கா செஞ்சாங்க. அருமையா இருக்கு, மூடியெல்லாம் ஏற்கெனவே கோத்து... சரி, நீ சொல்லு.

ம்.

ம்.

எப்போ சொன்னே? ... எங்கிட்டயா?

அக்கா. அவள் கிட்டார்ல பின்னு மாட்டுற ஓட்டை கீழ் ஓரத்துல இருக்காம். உக்காந்து வாசிக்கும்போது நேர் பின்னு நாற்காலிக் கையில இடிச்சு இடிச்சுத்தான் கழுத்துல ஒடியுதாம். இதுவரைக்கும் போன அத்தனை வயரும் அப்படித்தான் போச்சாம். வயர் மட்டமில்லையாம். ஒரு பக்கத்துக்கு வளைஞ்ச பின்னு போட்டா போதுமாம். அதைக் கேட்டு வாங்கத்தான் அன்னைக்கு எங்கூட இந்தக் கடைக்கே வந்தாளாம்.

அந்த முனையை வெட்டிடுங்க, அக்கா. வளைஞ்ச பின்னு இருக்கா? எந்தப் பக்கம் வளையணும்னா கேக்கறீங்க? அது எனக்கு... நீங்களே அவள்கிட்டக் கேட்டுடுங்க. இந்தாங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. பேச மாட்டேன்.